துண்டு நனைந்தால்தான் ரத்தம்

அனுப்புநர்:
ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் பெண் பயிற்றுநர்,
(தங்கள் மருத்துவமனையில் மூளைக்கும் நுரையீரலுக்கும் சிகிச்சை பெற்று வீடு திரும்பிய வெல்டரின் தங்கை).

பெறுநர்:
மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்கள்,
அரசு தலைமை மருத்துவமனை.

பொருள்: பரம்பரை ரத்தக்குழாய்க் கோளாறு – கர்ப்பிணியான என் தங்கைக்குப் "பரிசோதனை தேவையில்லை" என்று தவறாகப் பதிவானது – பதிவைத் திருத்தி, காலம் கடக்கும் முன் நுரையீரலைப் பரிசோதிக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் தங்கள் அலுவலகப் பெட்டியில் நான் போட்ட இரண்டு மனுக்கள். (பதில் இல்லை.)

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்களுக்கு எவ்வளவு வேலை நெருக்கடி என்பதைத் தங்கள் அறை வாசலில் காத்திருந்தே தெரிந்துகொண்டேன். முதல் இரண்டு மனுக்களையும் அதனால்தான் சுருக்கமாக எழுதினேன். சுருக்கத்துக்குப் பலன் இல்லாததால் இதை முழுவதுமாக எழுதுகிறேன். பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

1. நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். ஸ்டியரிங் மாணவர் கையில் இருக்கும். பக்கத்து இருக்கையில் என் காலடியில் இன்னொரு பிரேக் இருக்கும். அதை மிதித்தே பழகியதால் பள்ளியில் எனக்கு 'பிரேக் அக்கா' என்று பெயர். இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், "நீங்க ரொம்பப் பதறுறீங்கம்மா" என்று தங்கள் மருத்துவமனையில் இதற்குள் பலர் சொல்லிவிட்டார்கள். முன்கூட்டியே பதறுவதுதான் ஐயா என் தொழில். சம்பளமே அதற்குத்தான் தருகிறார்கள்.

2. என் அண்ணன் வெல்டர். போன வருடக் கடைசியில் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். சில வாரங்கள் தலைவலி என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு ஒருநாள் வேலை செய்யும் இடத்தில் வலக்கையால் கம்பியைப் பிடிக்க முடியவில்லை, வாயும் குழறியது. குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சோடாவைத் தாண்டி எதையும் தொடாத மனிதர் அவர். மூளையில் சீழ்க்கட்டி என்று கண்டுபிடித்ததும், அறுவை சிகிச்சை செய்து அவரை எழுப்பி உட்கார வைத்ததும் தங்கள் மருத்துவமனைதான். அந்த நன்றியை எழுதாமல் புகாரை மட்டும் எழுதினால் நான் மனுஷியே இல்லை.

3. பல் பிடுங்கியதற்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம் என்று தேடிக் கண்டுபிடித்தவர் தங்கள் ரத்தக்குழாய்ப் பிரிவு மருத்துவர். அண்ணனின் கட்டிலருகே தங்கையையும் என்னையும் நிற்க வைத்து அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். பெரிய ரத்தக்குழாய்கள் இரண்டுக்கும் நடுவே சல்லடை மாதிரி நுண்ணிய குழாய்கள் இருக்க வேண்டுமாம். எங்கள் குடும்பத்தில் சில இடங்களில் அந்தச் சல்லடை இல்லாமல், பெரியதும் பெரியதும் நேராக ஒட்டிக்கொண்டிருக்கிறது. மூக்கில் அப்படி இருந்தால் அடிக்கடி ரத்தம் வரும். உதட்டில் இருந்தால் சிவப்புப் புள்ளி. நுரையீரலில் இருந்தால் வடிகட்ட வேண்டியது வடிகட்டாமல் மூளைக்குப் போய்விடும். பல்லில் இருந்த கிருமி அண்ணனுக்கு அப்படித்தான் போயிருக்கிறது. தொடை வழியாகக் கம்பிச் சுருள் விட்டு அந்தக் குழாயை அடைத்தார்கள். "எனக்கே வெல்டிங் வெச்சுட்டாங்க பாரு" என்று அண்ணன் வார்டு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

4. அந்த மருத்துவர் கடைசியாகச் சொன்னதுதான் இந்த மனுவுக்கே அடிப்படை. இது பரம்பரையாக வருவது என்றும், கூடப் பிறந்தவர்கள் எல்லோரும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். பிறகு என் தங்கையைப் பார்த்து, "கல்யாணம் ஆயிடுச்சாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றதும், குழந்தை உண்டாவதற்கு முன்பே நுரையீரலைப் பார்த்துவிடுவது நல்லது, உண்டாகிவிட்டால் நடு மாதங்களுக்குள்ளாவது பார்த்தே ஆக வேண்டும் என்றார். நடு மாதம் என்றால் அடைத்துவிடலாம்; கடைசி மாதங்களில் உடம்பில் ரத்தம் கூடிவிடும், அந்தக் குழாய் தாங்காமல் போகலாம் என்றார். அப்போது என் தங்கை கர்ப்பமாக இருந்தாள். அது அவளுக்கே தெரியாது.

5. மறுவாரம் தங்கையும் நானும் கீழ்த்தளப் பதிவு கவுன்ட்டருக்கு வந்தோம். எங்களுக்குப் பின்னால் வரிசை படிக்கட்டு வரை நின்றது. பதிவாளர் நல்ல மனிதர். ஆனால் ஒரே நாளில் அத்தனை பேரிடமும் அதே கேள்விகளைக் கேட்டுக் கேட்டு, சில்லறை எண்ணுகிற மாதிரி கேட்கப் பழகிவிட்டார். "மூக்குல ரத்தம் வருமா?" என்றார். "எப்பவாவது வரும்" என்றேன் நான். "அதெல்லாம் இல்லைங்க" என்றாள் தங்கை. உதட்டையும் எட்டிப் பார்த்தார். அவள் வேலைக்குப் போகிற அவசரத்தில் லிப்ஸ்டிக் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். எனக்குப் பரிசோதனைக்குச் சீட்டு கிடைத்தது. அவளுக்குத் "தேவையில்லை" என்று கம்ப்யூட்டரில் ஏறியது. "பாத்தியா, நான் தப்பிச்சேன்" என்று என் தோளில் தட்டிவிட்டு பஸ் பிடிக்க ஓடினாள்.

6. அவள் பொய் சொல்லவில்லை ஐயா. தாங்கள் இதைப் புரிந்துகொள்வதுதான் முக்கியம் என்பதால், எங்கள் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் வீட்டில் தலையணை உறை, விரிப்பு, முகம் துடைக்கும் துண்டு எல்லாமே அரக்கு நிறம். கறை தெரியக்கூடாது என்று அப்பா காலத்திலேயே ஆரம்பித்த ஏற்பாடு. மற்ற வீடுகளில் வெள்ளை உறை போடுவார்கள் என்பதே பள்ளித் தோழி ஒருத்தியின் வீட்டுக்குப் போனபோதுதான் எனக்குத் தெரிந்தது. கொஞ்சம் ஊதாரிக் குடும்பம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்பா ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சாப்பிட்டு முடித்துவிட்டு வேலைக்குப் போவார். உடம்புச் சூடு என்பார். அவர் உதட்டில் இருந்த சிவப்புப் புள்ளிகளை நாங்கள் அவர் முகத்தின் ஒரு பகுதியாகத்தான் பார்த்தோம். மூக்கு மாதிரி, மீசை மாதிரி.

சொட்டு விழுந்தால் எங்கள் வீட்டில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கைக்குட்டை நனைந்தால் சளி பிடித்த மாதிரி. துண்டு நனைந்தால்தான் 'ரத்தம் வந்தது' என்று பேச்சு. யாராவது மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்தால் அப்பா பக்கத்து அறையிலிருந்து "துண்டா?" என்று கேட்பார். "இல்லப்பா, கைக்குட்டைதான்" என்றால் பேப்பரில் அடுத்த பக்கத்தைப் புரட்டுவார். அவ்வளவுதான் விசாரணை. இந்த அளவுகோலில் வளர்ந்த மூன்று பேரில், துண்டுக் கணக்கு அண்ணனுக்கும் எனக்கும்தான் வந்தது. தங்கைக்கு ஒரு தடவைகூடத் துண்டு நனைந்ததில்லை. "நீ நம்ம வீட்டுப் பொண்ணே இல்ல, ஆஸ்பத்திரியில மாத்திட்டாங்க" என்று அவளைக் கேலி செய்தே வளர்த்தோம். ஆகவே தங்கள் பதிவாளர் ரத்தம் வருமா என்று கேட்டபோது, எங்கள் வீட்டு வழக்கப்படி அவள் நேர்மையாகவே பதில் சொன்னாள்.

7. எனக்குக் கிடைத்த சீட்டில் எனக்குப் பரிசோதனை நடந்தது. உப்புநீரை இரண்டு ஊசிக்குழல்களுக்கு இடையே தள்ளித் தள்ளி நுரைக்க வைத்து, கை நரம்பில் ஏற்றினார்கள். இதயத்தின் ஒரு பக்கம் சோப்பு நுரை மாதிரி நிரம்புவதைத் திரையில் நானே பார்த்தேன். அந்தக் குமிழி மறுபக்கம் வந்தால் நுரையீரலில் வழி இருக்கிறது என்று அர்த்தம். வரவில்லை. "சுத்தமா இருக்கு, போயிட்டு வாங்க" என்றார் டெக்னீசியன். சந்தோஷத்தில் அவருக்குக் கும்பிடு போட்டுவிட்டு வந்தேன். அந்தக் கும்பிட்டை இப்போது நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது. அந்தக் கட்டிலில் படுத்திருக்க வேண்டியவள் நான் இல்லை.

8. தவறு வெளியே வந்தது இப்படித்தான். தங்கை கர்ப்பம் என்று தெரிந்து, அண்ணனும் உடம்பு தேறி, எல்லோருமாக என் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தோம். அண்ணன் தன் நோயைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு நுரையீரல் சுத்தம், தங்கைக்குத் தேவையே இல்லை என்று நான் கணக்கு முடித்தேன். அப்போது தங்கையின் கணவர் சாப்பாட்டிலிருந்து கையை எடுத்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக், அதிகம் பேசாதவர். "வாரத்துக்கு மூணு நாள் வருதே. அப்புறம் ஏன் இல்லைன்னு சொன்னே?" என்று அவளைக் கேட்டார். அவள் சிரித்துவிட்டு, "அதெல்லாம் ஒரு ரத்தமா? கைக்குட்டைதானே" என்றாள்.

நாங்களும் சிரித்தோம் ஐயா. அதை மறைக்க விரும்பவில்லை. அண்ணன் சிரித்தார், நான் சிரித்தேன். எங்கள் வீட்டில் பிறக்காத அந்த ஒரு மனிதர் மட்டும் சிரிக்கவில்லை. எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அன்றிலிருந்து என் மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை.

9. அடுத்த நாள் காலையிலேயே கவுன்ட்டருக்கு ஓடிவந்தேன். அன்றிலிருந்து நடந்தது இது:

பதிவாளர், "பதில் ஏறிடுச்சும்மா, என்னால மாத்த முடியாது, டாக்டர்தான் திரும்ப எழுதணும்" என்றார். அந்த மருத்துவர் வெளியூர்ப் பயிற்சிக்குப் போயிருக்கிறார். திரும்புவதற்கு மாதங்கள் ஆகும். அவருக்குப் பதிலாக இருப்பவர், கர்ப்பிணி என்றால் மகப்பேறு பிரிவு எழுதித் தர வேண்டும் என்றார். மகப்பேறு பிரிவில், நுரையீரல் என்றால் ரத்தக்குழாய்ப் பிரிவுதான் எழுத வேண்டும் என்றார்கள். இரண்டு கட்டடத்துக்கும் நடுவே இருக்கும் சரிவுப் பாதையில் நான் எத்தனை தடவை ஏறி இறங்கினேன் என்று வாசல் காவலருக்குத்தான் தெரியும். அவர் இப்போது என்னைக் கண்டால் கேட்காமலே கதவைத் திறக்கிறார்.

கடைசியில் புதிய நோயாளியாகப் பதிந்து ஒரு தேதி கொடுத்தார்கள். அது அவளுடைய பிரசவத் தேதிக்கு அடுத்த மாதம். அதைச் சொன்னேன். "அப்ப ரொம்ப நல்லது, பிரசவம் முடிஞ்சு நிதானமா வரலாமே" என்றார் பதிவாளர். ஆறுதலாகத்தான் சொன்னார்.

வெளியே முயற்சி செய்யாமல் இல்லை. ஒரு தனியார் ஸ்கேன் மையத்தில் குமிழி இல்லாமல் சாதாரணமாகப் பார்த்துவிட்டு இதயம் நன்றாக இருக்கிறது என்றார்கள். இதயம் நன்றாகத்தான் இருக்கிறது. நாங்கள் கேட்டது அதுவல்ல. குமிழிப் பரிசோதனை இந்த நகரத்தில் தங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. தங்கள் டெக்னீசியன், கையெழுத்திட்ட சீட்டு ஒன்று இருந்தால் அன்றைக்கே செய்து தருவதாக என்னிடம் சொன்னார். அவரைக் காட்டிக்கொடுப்பதாக நினைக்க வேண்டாம். அவருடைய நல்ல மனதைத்தான் எழுதுகிறேன்.

10. இவ்வளவு பதற்றம் எதற்கு என்று தாங்கள் நினைக்கலாம். அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை, நாங்கள் பிறப்பதற்கு முன்பே இறந்துபோனவர். ஒரே ஒரு போட்டோதான் இருக்கிறது. அதில் மேடிட்ட வயிற்றில் கைவைத்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறார். படியில் தடுக்கி விழுந்து இறந்தார் என்றுதான் வீட்டில் சொல்வார்கள். இந்த விவகாரம் ஆரம்பித்த பிறகு அம்மாவிடம் மறுபடி கேட்டேன். விழுவதற்கு முன்பே அத்தை இருமினாராம். இருமலில் ரத்தம் வந்ததாம். எட்டாம் மாதமாம். "ரத்தம் வந்தா அப்ப யாருடி கவனிச்சாங்க, அந்த வீட்டுல?" என்றார் அம்மா. அம்மாவும் எங்கள் தங்கையின் கணவர் மாதிரி வெளியிலிருந்து வந்தவர்தான். வந்த புதிதில் அவரும் பயந்திருப்பார். பிறகு பழகிவிட்டார்.

11. என் தங்கைக்கு இப்போது ஆறாம் மாதம் நடக்கிறது. மூக்குக் கண்ணாடிக் கடையில், எழுத்துப் பலகையைக் காட்டி, இது தெளிவாக இருக்கிறதா அது தெளிவாக இருக்கிறதா என்று நாள் முழுக்கக் கேட்கிற வேலை. சில பேர் தெரியாததையும் தெரிகிறது என்று சொல்வார்களாம், இன்னொரு விதமாகக் கேட்டால்தான் உண்மை வருமாம். அவளே சொன்னது. முன்பெல்லாம் என்னை முந்திக்கொண்டு மாடி ஏறுவாள். இப்போது நடுப்படியில் நின்று, செருப்பு வார் அவிழ்ந்துவிட்ட மாதிரி குனிந்து பாவனை செய்துவிட்டு, மறுபடி ஏறுகிறாள். கர்ப்பிணிக்கு மூச்சு வாங்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் அவளுடைய கடைத் தோழி, இவள் விரல் நுனியில் நீலம் பாய்ந்திருப்பதாக என்னிடம் தனியாகச் சொன்னாள். "அக்கா, நீ எல்லாத்துக்கும் பிரேக் போடுற" என்று தங்கை என்னைத் திட்டுகிறாள்.

உண்மைதான். போன வாரம் காலிச் சாலையில், எதிரே ஒன்றுமே இல்லாதபோது பிரேக்கை மிதித்துவிட்டேன். ஓட்டிக்கொண்டிருந்த கல்லூரிப் பெண் தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாக நினைத்து அழுதுவிட்டாள். படுத்தால் கட்டில் விளிம்பில் கால் அழுத்துகிறது. பஸ்ஸில் போனால் முன் இருக்கைக் கம்பியில் அழுத்துகிறது. தங்கள் வரவேற்பறை நாற்காலியில் உட்கார்ந்து இதை எழுதும்போதும் அழுத்திக்கொண்டுதான் இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது ஐயா. மனுவில் இப்படி எழுதலாமா என்று தெரியவில்லை. வேறு எப்படி எழுதுவதென்றும் தெரியவில்லை.

12. ஆகவே நான் பணிவுடன் கேட்பது:

அ) "ரத்தம் வருவதில்லை" என்ற பதிலை நீக்கி, "வாரத்தில் சில நாள் வருகிறது, அண்ணனுக்கு நோய் உறுதி, தற்போது கர்ப்பம்" என்று பதிய உத்தரவிட வேண்டும்.

ஆ) எந்தப் பிரிவு எழுத வேண்டும் என்ற பேச்சைத் தாங்களே முடித்துவைத்து, இந்த வாரத்துக்குள் குமிழிப் பரிசோதனைக்கு ஒரு கையெழுத்துத் தர வேண்டும். நுரையீரலில் வழி இருந்தால் அடைப்பதற்கு இன்னும் கொஞ்சம் நாள்தான் இருக்கிறது. ஒன்றும் இல்லை என்றால், தங்கள் அறைக்கே வந்து, பதறியதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகிறேன். அந்த மன்னிப்பைக் கேட்க நான் மிகவும் ஆசைப்படுகிறேன்.

இ) கவுன்ட்டரில் கேட்கும் கேள்வியை மாற்ற வேண்டும். எங்களைப் போன்ற குடும்பங்களில் ரத்தம் வருமா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள். அதனுடன் வாழ்ந்தவர்களுக்கு அது கண்ணில் படாது. வீட்டில் தலையணை உறை என்ன நிறம் என்று கேளுங்கள். அரக்கு என்றால் உள்ளே அனுப்புங்கள். கேலிக்காக எழுதவில்லை.

13. இன்னும் ஒன்று. நேற்று தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். குழந்தைக்கு வாங்கியதையெல்லாம் கட்டில் மேல் பரப்பிக் காட்டினாள். சின்னச் சட்டைகள், சின்னப் போர்வை. அதோடு கையகலத் தலையணை ஒன்றுக்கு உறையும் இருந்தது. அது அரக்கு நிறம். கடையில் வெள்ளை, மஞ்சள், நீலம் எல்லாம் இருந்ததாம். எதையும் யோசிக்காமல் இதை எடுத்தாளாம். "நல்லா இருக்குல்ல?" என்றாள். நல்லா இருக்கு என்றேன். அவள் தண்ணீர் கொண்டுவரப் போனபோது அதை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். வருகிற வழியில் வெள்ளையில் ஒன்று வாங்கினேன்.

தங்கள் கையெழுத்துக்காக வாசலிலேயே காத்திருக்கிறேன்.

இடம்: தங்கள் அறைக்கு எதிரே உள்ள வரவேற்பறை
நாள்: திங்கட்கிழமை, முற்பகல்

இப்படிக்கு,
வெல்டரின் தங்கை, கர்ப்பிணியின் அக்கா
(கையொப்பம்)

இணைப்பு:
1. அண்ணனின் சிகிச்சை அறிக்கை, நகல்.
2. தங்கைக்குப் பிரசவத்துக்குப் பின் தரப்பட்ட தேதிச் சீட்டு, நகல்.
3. குழந்தைத் தலையணை உறை, அரக்கு நிறம், ஒன்று. புதியது, இன்னும் பயன்படுத்தவில்லை. இதைத் திருப்பித் தர வேண்டாம்.